பொறியியல் பட்டமும் மருத்துவக் கல்லூரி வாய்ப்பும் (ஐக்கிய அமெரிக்கா)

ஐக்கிய அமெரிக்காவில் மருத்துவம், பள்ளி முடித்தவுடன் சேரும் படிப்பு அன்று. நான்கு ஆண்டு இளநிலைப் பட்டம் பெற்ற பிறகே பெரும்பாலோர் மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கின்றனர். அங்கு மேலும் நான்கு ஆண்டுகள் படிக்க வேண்டும். அதன்பின் துறைக்கு ஏற்ப மூன்று முதல் ஏழு ஆண்டுகள் வரை மருத்துவமனைப் பயிற்சி உண்டு. இளநிலையில் எந்தப் பாடத்தை முதன்மைப் பாடமாகப் படித்திருந்தாலும் விண்ணப்பிக்கலாம். 'ப்ரீ-மெட்' என்பது ஒரு பட்டத்தின் பெயர் அன்று. மருத்துவக் கல்லூரிக்குத் தேவையான சில பாடங்களையும் அனுபவங்களையும் பட்டப்படிப்போடு சேர்த்து முடிக்கும் ஒரு வழித்தடத்தின் பெயர். ஆகவே இயந்திரப் பொறியியல் படிக்கும் மாணவரும் ப்ரீ-மெட் மாணவராக இருக்க முடியும்; வரலாறு படிப்பவரும் இருக்க முடியும்.

இந்த அமைப்பு தமிழ்நாட்டுப் பெற்றோருக்குப் பழக்கமில்லாதது. தமிழ்நாட்டில் பதினொன்றாம் வகுப்பில் கணிதம், உயிரியல் இரண்டும் உள்ள முதல் பிரிவை எடுத்தால் பொறியியல், மருத்துவம் ஆகிய இரண்டு கதவுகளும் இரண்டு ஆண்டுகளுக்குத் திறந்திருக்கும். பன்னிரண்டாம் வகுப்புக்குப் பின் பாதைகள் பிரிந்துவிடும். பி.இ. பட்டம் எம்.பி.பி.எஸ். சேர்க்கைக்கு எந்தத் தகுதியையும் கூட்டுவதில்லை. அமெரிக்காவில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவும் இதே கண்ணோட்டத்தில், 'பொறியியலா, மருத்துவமா' என்று பன்னிரண்டாம் வகுப்பிலேயே முடிவெடுக்க முயல்கின்றன. அங்கு அந்தக் கேள்விக்கு விடை சொல்ல இன்னும் மூன்று, நான்கு ஆண்டு அவகாசம் உண்டு. ஆனால் அந்த அவகாசம் இலவசம் அன்று. பொறியியல் மாணவர் அதற்கு மதிப்பெண்ணாலும் காலத்தாலும் விலை கொடுக்கிறார்.

தேவைப்படும் பாடங்கள்

பட்டம் பெற்றவர்களையே மருத்துவத்துக்குச் சேர்க்கும் முறையை 1893-இல் தொடங்கப்பட்ட ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவப் பள்ளி முன்னின்று நடைமுறைப்படுத்தியது. 1910-இல் ஆபிரகாம் ஃபிளெக்ஸ்னர் வெளியிட்ட அறிக்கை, அடிப்படை அறிவியல் பாடங்களில் உறுதியான பயிற்சி இல்லாதவர்களை மருத்துவப் பள்ளிகள் சேர்க்கக் கூடாது என்று வலியுறுத்தியது. இன்றைய பட்டியல் அந்த மரபின் தொடர்ச்சியே. கல்லூரிக்குக் கல்லூரி சிறு வேறுபாடுகள் இருப்பினும், பெரும்பாலானவை கேட்பவை இவை: உயிரியல், பொது வேதியியல், கரிம வேதியியல், இயற்பியல் ஆகியவை செய்முறை வகுப்புடன் ஒவ்வோர் ஆண்டு, உயிர்வேதியியல் ஒரு பருவம், இவற்றுடன் ஆங்கிலம் அல்லது எழுத்துப் பயிற்சி, புள்ளியியல் அல்லது வேறு கணிதம். உளவியலும் சமூகவியலும் பல கல்லூரிகளில் கட்டாயமில்லை. எனினும் நுழைவுத் தேர்வில் கேள்வி வருவதால் பலர் படிக்கின்றனர்.

பொறியியல் மாணவருக்கு இதில் கணிதமும் இயற்பியலும் தாமாகவே வந்துவிடும். சிக்கல் வேதியியலில் தொடங்குகிறது. பல பல்கலைக்கழகங்களில் 'பொறியாளர்களுக்கான வேதியியல்' என்ற ஒரே பருவப் பாடம் உண்டு. பொறியியல் பட்டத்துக்கு அது போதும். மருத்துவக் கல்லூரி கேட்கும் ஓராண்டுப் பொது வேதியியலுக்கு அது ஈடாகாது. கரிம வேதியியல் வகுப்பில் சேரவும் சில இடங்களில் அது செல்லாது. முதல் பருவத்தில் தெரியாமல் அதில் பதிவுசெய்த மாணவர், இரண்டாம் ஆண்டில் மீண்டும் முதலிலிருந்து வேதியியல் படிக்க நேர்கிறது. பள்ளியிலேயே ஏ.பி. தேர்வெழுதிப் பெற்ற கிரெடிட்டுகளும் இவ்வாறே. பல்கலைக்கழகம் அவற்றை ஏற்றுக்கொண்டாலும், மருத்துவக் கல்லூரிகள் சில அவற்றை முன்தேவையாக ஏற்பதில்லை. வேறு சில, அதே துறையில் ஒரு மேல்நிலைப் பாடத்தைக் கல்லூரியில் படித்திருக்க வேண்டும் என்கின்றன.

பாடத்திட்டத்தில் இட நெருக்கடி

அமெரிக்கப் பொறியியல் பட்டங்களுக்குத் தரச் சான்று வழங்கும் அமைப்பு ஏபெட். அதன் விதிப்படி ஒரு பொறியியல் பட்டத்தில் கணிதமும் அடிப்படை அறிவியலும் குறைந்தது 30 கிரெடிட்டுகளும், பொறியியல் பாடங்கள் குறைந்தது 45 கிரெடிட்டுகளும் இருக்க வேண்டும். 120 முதல் 130 கிரெடிட்டுகள் கொண்ட பட்டத்தில் இது கீழ் வரம்பு மட்டுமே. பல துறைகள் இதற்கு மேலும் கேட்கின்றன. பொதுக் கல்விப் பாடங்களையும் சேர்த்தால், மாணவர் விரும்பி எடுக்க எஞ்சுவது மூன்று, நான்கு பாடங்களே.

இயந்திரப் பொறியியல் மாணவர் ஒருவர் கூடுதலாகப் படிக்க வேண்டியவற்றைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். இரண்டாம் பருவப் பொது வேதியியல் 4 கிரெடிட், கரிம வேதியியல் 8, உயிரியல் 8, உயிர்வேதியியல் 3. மொத்தம் 23. ஒரு பருவத்தின் வழக்கமான சுமை 15 என்றால், இது ஒன்றரைப் பருவம். கோடைக்கால வகுப்புகளில் ஒரு பகுதியை முடிக்கலாம்; அப்போது வேலைப் பயிற்சிக்கோ ஆய்வகப் பணிக்கோ கோடை கிடைக்காது. பருவத்துக்கு 18 கிரெடிட் என்று சுமையை ஏற்றிக்கொள்வது இன்னொரு வழி. அதன் விளைவு மதிப்பெண் பட்டியலில் தெரியும்.

கால அட்டவணையும் நெருக்குகிறது. பட்டம் முடித்த அதே ஆண்டில் மருத்துவக் கல்லூரியில் சேர விரும்புபவர், மூன்றாம் ஆண்டு முடிந்த கோடையின் தொடக்கத்திலேயே விண்ணப்பிக்க வேண்டும். நுழைவுத் தேர்வை அதற்கு முன்பே எழுதியிருக்க வேண்டும். அதாவது மேற்கண்ட 23 கிரெடிட்டுகளும் முதல் மூன்று ஆண்டுகளுக்குள் முடிய வேண்டும். பொறியியலின் கடினமான பாடங்களான வெப்ப இயக்கவியல், பாய்ம இயக்கவியல், மின்சுற்றுகள் போன்றவை வருவதும் அந்த ஆண்டுகளில்தான். பட்டத்துக்கும் மருத்துவக் கல்லூரிக்கும் இடையில் ஓராண்டோ ஈராண்டோ இடைவெளி விட்டால் இந்த நெருக்கடி பெருமளவு தளரும். இன்று மருத்துவக் கல்லூரியில் சேர்பவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் அப்படி இடைவெளி விட்டு வருபவர்களே. பொறியியல் பட்டதாரிக்கு அந்த இடைவெளியில் நல்ல ஊதியத்துடன் வேலை கிடைக்கும் வாய்ப்பும் அதிகம். இதைப் பின்னடைவாகப் பார்க்கும் குடும்பங்கள், 18 கிரெடிட் சுமையின் அபாயத்தைக் குறைத்து மதிப்பிடுகின்றன.

தரப்புள்ளிச் சராசரி

பொறியியல் மாணவர் செலுத்தும் உண்மையான விலை இங்குதான் இருக்கிறது. அமெரிக்க மருத்துவக் கல்லூரிகள் சங்கத்தின் தரவுகளின்படி, 2023-24 கல்வியாண்டுக்கு எம்.டி. படிப்புகளுக்கு 52,500-க்கும் மேற்பட்டோர் விண்ணப்பித்தனர். ஏறத்தாழ 23,000 பேர் சேர்ந்தனர். சேர்ந்தவர்களின் தரப்புள்ளிச் சராசரி (ஜிபிஏ) 4-க்கு 3.77. பொறியியல் கடினமானது என்பதை மருத்துவக் கல்லூரிகள் அறியும். ஆயினும் விண்ணப்பங்களை முதலில் வடிகட்டும்போது 'பொறியியல் என்பதால் 3.4 போதும்' என்று எண்ணைத் திருத்திக்கொள்ளும் சூத்திரம் எதுவும் இல்லை. சங்கம் வெளியிடும் முதன்மைப் பாடவாரியான பட்டியலில் பொறியியலுக்குத் தனி வரிசையும் கிடையாது.

விண்ணப்பத்தில் ஒரு சராசரி மட்டும் செல்வதில்லை. எம்.டி. கல்லூரிகளுக்கான பொது விண்ணப்பச் சேவையான ஆம்காஸ், மொத்தச் சராசரியுடன் அறிவியல் சராசரி ஒன்றையும் தனியே கணக்கிடுகிறது. உயிரியல், வேதியியல், இயற்பியல், கணிதம் ஆகிய நான்கும் அதில் சேரும். அந்த ஆங்கிலப் பெயர்களின் முதலெழுத்துகளால் அது பி.சி.பி.எம். எனப்படுகிறது. பொறியியல் பாடங்கள் அதில் சேர்வதில்லை. அவை 'பிற பாடங்கள்' என்ற தொகுப்புக்குப் போகின்றன. இந்த ஒரு விதியைப் பொறியியல் மாணவர்கள் பலர் விண்ணப்பிக்கும் ஆண்டில்தான் அறிகின்றனர்.

அதன் பொருளை ஒரு கற்பனைக் கணக்கு காட்டும். ஒரு மாணவர் முதல் மூன்று பருவங்களில் கணிதம் 15, இயற்பியல் 8, பொது வேதியியல் 8 என 31 கிரெடிட்டுகள் படித்து 3.1 சராசரி பெறுகிறார். பொறியியலின் தொடக்கத்தில் இது அரிதன்று. நூற்றுக்கணக்கானோர் அமரும் நுண்கணித, இயற்பியல் வகுப்புகளில் 'பி' தரமே பலருக்குக் கிடைக்கிறது. பின்னர் அவர் தேறி, உயிரியல் 8, கரிம வேதியியல் 8, உயிர்வேதியியல் 3, உடலியங்கியல் 4 என 23 கிரெடிட்டுகளில் 3.8 பெறுகிறார். மேல்நிலைப் பொறியியல் பாடங்கள் 48 கிரெடிட்டுகளில் 3.9, மற்ற 18 கிரெடிட்டுகளில் 3.8. மொத்தச் சராசரி 3.66 வரும், கவலைக்குரியதன்று. அறிவியல் சராசரியோ 3.40. பொறியியலில் அவர் காட்டிய சிறப்பு முழுவதும் அந்த எண்ணுக்கு வெளியே நின்றுவிட்டது. முதல் 31 கிரெடிட்டுகளில் 3.1-க்குப் பதில் 3.5 பெற்றிருந்தால் அறிவியல் சராசரி 3.63, மொத்தச் சராசரி 3.76 ஆகியிருக்கும்.

ஆகவே மருத்துவ வாய்ப்பைக் கையில் வைத்திருக்க விரும்பும் பொறியியல் மாணவருக்கு, முதல் ஆண்டின் நுண்கணிதமும் இயற்பியலும் வேதியியலுமே மிகவும் விலையுயர்ந்த பாடங்கள். கடினமான பாடங்களை முதல் பருவத்திலேயே குவித்துக்கொள்ளாமல், 14 அல்லது 15 கிரெடிட்டுகளோடு தொடங்குவது கோழைத்தனம் ஆகாது. தவறிய பாடத்தைத் திரும்பப் படித்து ஈடுகட்டலாம் என்ற எண்ணமும் இங்கு உதவாது: பல்கலைக்கழகம் பழைய மதிப்பெண்ணை நீக்கினாலும், ஆம்காஸ் இரண்டு முயற்சிகளையும் கணக்கில் கொள்கிறது. டி.ஓ. பட்டம் வழங்கும் கல்லூரிகளுக்கான ஆகோமாஸ் சேவை, திரும்பப் படித்த மதிப்பெண்ணை மட்டும் எடுத்துக்கொள்ளும் சலுகையை 2017-இல் கைவிட்டது. எனினும் ஆகோமாஸின் அறிவியல் சராசரியில் கணிதம் சேர்வதில்லை. நுண்கணிதத்தில் சறுக்கியவர்களுக்கு இது சிறு ஆறுதல்.

எந்தப் பொறியியல்

உயிர்மருத்துவப் பொறியியலே மருத்துவத்துக்கு நெருங்கிய வழி என்ற கருத்து பரவலாக உள்ளது. பாட அமைப்பைப் பார்த்தால் அது ஓரளவு சரி. உயிரியலும் உடலியங்கியலும் பட்டத்துக்குள்ளேயே வருகின்றன. சில பல்கலைக்கழகங்களில் கரிம வேதியியலும் வருகிறது. ஆய்வகங்கள் மருத்துவமனையோடு தொடர்புடையவை. ஆனால் சேர்க்கைக் குழு அதற்காகத் தனிச் சலுகை தருவதில்லை.

மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைக்காமல் போனால், அல்லது மாணவரே மனம் மாறினால் என்ன ஆகும் என்பதையும் பார்க்க வேண்டும். அமெரிக்கத் தொழிலாளர் புள்ளியியல் பணியகத்தின் கணக்கில் உயிர்மருத்துவப் பொறியாளர் பணியிடங்கள் நாடு முழுவதிலும் சுமார் 20 ஆயிரம். இயந்திரப் பொறியாளர் பணியிடங்கள் 2.8 இலட்சத்துக்கும் மேல். மருத்துவக் கருவி நிறுவனங்களும் வடிவமைப்பு வேலைகளுக்கு இயந்திர, மின் பொறியாளர்களை எடுக்கின்றன. உயிர்மருத்துவப் பொறியியல் இளநிலையோடு நிற்பவர்கள் பலர் முதுநிலைக்குச் செல்ல வேண்டியிருக்கிறது. 'மருத்துவம் கிடைக்காவிட்டால் வேலைக்குப் போகலாம்' என்ற காரணத்துக்காகப் பொறியியலைத் தேர்ந்தெடுப்பவர், அந்த வேலை இருக்கும் துறையைத் தேர்ந்தெடுப்பதே பொருத்தம்.

வேதிப் பொறியியல் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. பொது வேதியியலும் கரிம வேதியியலும் அதன் சொந்தப் பாடங்கள்; கூடுதலாக வேண்டியது பெரும்பாலும் உயிரியலும் உயிர்வேதியியலும்தான். உயிர்மூலக்கூற்றுப் பிரிவு உள்ள இடங்களில் அவையும் பட்டத்தில் அடங்கிவிடும். 1992-இல் எண்டெவர் விண்ணோடத்தில் பயணம் செய்து, விண்வெளிக்குச் சென்ற முதல் ஆப்பிரிக்க அமெரிக்கப் பெண் ஆன மே ஜெமிசன் இவ்வழியில் வந்தவர். அவர் 1977-இல் ஸ்டான்ஃபோர்டில் வேதிப் பொறியியல் பட்டமும், 1981-இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டமும் பெற்றார். வேதிப் பொறியியலின் குறை அதன் கடுமை. மூன்றாம் ஆண்டுப் பாடங்களில் மதிப்பெண் சரிவது வழக்கம்.

மின், கணினி, கட்டடப் பொறியியல் ஆகியவற்றில் உயிரியலும் கரிம வேதியியலும் அறவே இல்லை. இவற்றைப் படித்து மருத்துவர் ஆனவர்கள் உண்டு. கூடுதல் பாடங்களின் முழுச் சுமையையும் ஏற்றவர்கள் அவர்கள். சில பல்கலைக்கழகங்கள் ஏபெட் சான்று பெறாத, நெகிழ்வான பொறியியல் அறிவியல் பட்டங்களையும் வழங்குகின்றன. முன்தேவைப் பாடங்களுக்கு அவற்றில் இடம் அதிகம். ஏபெட் சான்று கேட்கும் வேலைகளுக்கும் பொறியாளர் உரிமத்துக்கும் அவை தடையாகலாம்.

துறை எதுவாயினும் ஒரு சமமின்மையைக் கவனிக்க வேண்டும். பொறியியலில் சேர்ந்துவிட்டு இரண்டாம் ஆண்டில் உயிரியலுக்கு மாறுவது எளிது. உயிரியலிலிருந்து பொறியியலுக்கு மாறுவது கடினம். பொறியியல் பாடங்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சங்கிலி போல அமைந்தவை, பல இடங்களில் உள்மாற்றத்துக்குப் போட்டியும் உண்டு. இரண்டுக்கும் இடையில் உண்மையாகவே முடிவு செய்யாத மாணவர் பொறியியலில் தொடங்குவதற்கு இதுவே வலுவான காரணம்.

எம்கேட் தேர்வு

மருத்துவக் கல்லூரி நுழைவுத் தேர்வான எம்கேட் 2015 முதல் இன்றைய வடிவில் நடைபெறுகிறது. நான்கு பகுதிகள், 230 வினாக்கள். இடைவேளைகளுடன் ஏறத்தாழ ஏழரை மணி நேரம். மதிப்பெண் 472 முதல் 528 வரை. 2023-24-இல் சேர்ந்தவர்களின் சராசரி 511.7. வேதியியல்-இயற்பியல் பகுதி பொறியியல் மாணவருக்குப் பழகிய களம். கேட்கப்படுவது அறிமுக நிலையிலான இயற்பியல், நுண்கணிதம் தேவையில்லை. கணிப்பான் அனுமதியில்லை என்பதுதான் அவர்களைத் திணறவைக்கிறது. நீண்ட உரைப்பகுதிகளைப் படித்து விடையளிக்கும் பகுதியும், உளவியல்-சமூகவியல் பகுதியும் நான்கு ஆண்டுகள் சமன்பாடுகளோடு வாழ்ந்தவருக்குத் தனிப் பயிற்சியைக் கோருகின்றன.

மருத்துவமனை அனுபவமும் கடிதங்களும்

நோயாளிகளுடன் பழகிய அனுபவம் இல்லாத விண்ணப்பம், மதிப்பெண் எவ்வளவு இருந்தாலும் பலவீனமானது. மருத்துவமனைத் தொண்டு, மருத்துவர் உடனிருந்து கவனித்தல், அவசர ஊர்தி உதவியாளர் பணி போன்றவை எதிர்பார்க்கப்படுகின்றன. செயற்கை மூட்டு தயாரிக்கும் நிறுவனத்தில் ஆறு மாதம் பயிற்சி பெற்றது நல்ல பொறியியல் அனுபவம். நோயாளி அனுபவமாக அது எண்ணப்படாது. வாரம் மூன்று மணி நேரத் தொண்டை முதல் ஆண்டு முதலே விடாமல் செய்தவர், கடைசிக் கோடையில் அவசரமாகச் சேர்த்தவரை விட நம்பகமாகத் தெரிகிறார். அந்த மூன்று மணி நேரம் இன்னொன்றுக்கும் பயன்படுகிறது: நோயுற்றவர்களின் அருகில் இருப்பது தனக்குப் பிடிக்கிறதா என்பதை மாணவர் தெரிந்துகொள்கிறார். மருத்துவத்தில் தம்மை ஈர்த்தது கருவிகள்தான், நோயாளிகள் அல்லர் என்று இந்தக் கட்டத்தில் கண்டுகொள்பவர்களும் உண்டு. அவர்களுக்குப் பொறியியல் பட்டம் ஏற்கனவே கையில் இருக்கிறது.

பல கல்லூரிகள் அறிவியல் பேராசிரியர் இருவரின் பரிந்துரைக் கடிதங்களைக் கேட்கின்றன. பொறியியல் பேராசிரியரை அறிவியல் பேராசிரியராக ஏற்பதா என்பதில் கல்லூரிகள் வேறுபடுகின்றன. பொறியியல் கல்லூரியின் ஆலோசகரும் ப்ரீ-மெட் ஆலோசகரும் பெரும்பாலும் வெவ்வேறு அலுவலகங்களில் இருப்பவர்கள். ஒருவர் விதி மற்றவருக்குத் தெரியாது. இருவரையும் முதல் ஆண்டிலேயே சந்திக்கும் மாணவருக்கு, வேதியியல் பாடக் குழப்பம் போன்றவை நேர்வதில்லை.

குடியேற்ற நிலை

எச்-1பி விசாவில் பணிபுரியும் இந்தியர்களின் பிள்ளைகளுக்கு இவை அனைத்துக்கும் முந்திய ஒரு கேள்வி இருக்கிறது. எச்-4 நிலை 21 வயதோடு முடிகிறது. நிரந்தரக் குடியுரிமைக்கான இந்தியர்களின் வரிசை மிக நீண்டது. சிறு வயதிலேயே அமெரிக்கா வந்து அங்கேயே பள்ளி முடித்த பிள்ளையும், கல்லூரியின் மூன்றாம், நான்காம் ஆண்டில் எஃப்-1 மாணவராக மாற நேர்கிறது. அப்போது மருத்துவக் கல்லூரிகள் அவரை வெளிநாட்டு மாணவராகவே கருதும். பெரும்பாலான மருத்துவக் கல்லூரிகள் குடிமக்களையும் நிரந்தரக் குடியுரிமை பெற்றவர்களையும் மட்டுமே சேர்க்கின்றன. வெளிநாட்டு மாணவர்களை ஏற்கும் கல்லூரிகள் சில, ஓராண்டு முதல் நான்கு ஆண்டு வரையிலான கட்டணத்தை முன்கூட்டியே வைப்பாகக் காட்டச் சொல்கின்றன. கூட்டரசின் கல்விக் கடனும் இவர்களுக்குக் கிடையாது. இந்த நிலையில் உள்ள மாணவருக்குப் பொறியியல் பட்டம் வெறும் மாற்று ஏற்பாடு அன்று. எஃப்-1 மாணவர் பட்டத்துக்குப் பின் 12 மாதமும், அறிவியல்-தொழில்நுட்பப் பட்டம் என்பதால் மேலும் 24 மாதமும் பணிபுரியலாம். உயிரியல் பட்டத்துக்கும் இந்த நீட்டிப்பு உண்டு. ஆனால் விசாவுக்கு விண்ணப்பிக்கத் தயாராக உள்ள முதலாளியைக் கண்டுபிடிப்பதில் பொறியியல் பட்டதாரிக்கே வாய்ப்பு அதிகம்.

பட்டத்துக்குப் பின்

பொறியியலை மட்டும் படித்து முடித்து, வேலைக்குச் சென்ற பிறகு மருத்துவத்துக்குத் திரும்புவோரும் உளர். விடுபட்ட உயிரியல், கரிம வேதியியல் பாடங்களை மட்டும் ஓராண்டு அல்லது ஈராண்டில் முடிக்க 'போஸ்ட்-பேக்' எனப்படும் பட்டப்பின் படிப்புகள் உள்ளன. பிரின் மார், கௌச்சர் ஆகிய கல்லூரிகளின் படிப்புகள் இவற்றில் பெயர் பெற்றவை. பொறியாளர்களையே நோக்கமாகக் கொண்ட மருத்துவப் பள்ளிகளும் அண்மையில் தோன்றியுள்ளன. இல்லினாய் பல்கலைக்கழகத்தின் கார்ல் இல்லினாய் மருத்துவக் கல்லூரி 2018-இல் 32 மாணவர்களுடன் தொடங்கியது. பொறியியலை மருத்துவப் பாடத்திட்டத்தின் அடிப்படையாகவே அது வைத்துள்ளது. டெக்சஸ் ஏ&எம் பல்கலைக்கழகம் ஹூஸ்டனில் நடத்தும் என்மெட் திட்டத்தில் நான்கு ஆண்டுகளில் எம்.டி. பட்டமும் பொறியியல் முதுநிலைப் பட்டமும் சேர்ந்து கிடைக்கும். இவற்றில் இடங்கள் மிகக் குறைவு.

வேலையிலிருந்து திரும்புபவர் இரண்டு காலக்கெடுக்களைக் கவனிக்க வேண்டும். எம்கேட் மதிப்பெண்ணைப் பெரும்பாலான கல்லூரிகள் இரண்டு அல்லது மூன்று ஆண்டுகளுக்கு மட்டுமே ஏற்கின்றன. முன்தேவைப் பாடங்களும் மிகப் பழையவையாக இருந்தால், சில கல்லூரிகள் அண்மையில் படித்த மேல்நிலை அறிவியல் பாடம் ஒன்றையேனும் கேட்கின்றன. இளநிலைத் தரப்புள்ளிச் சராசரிக்கு அத்தகைய காலாவதி கிடையாது.